சொன்னது யார் காதில் விழுந்தது?

(காஞ்சிரங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "தமிழ் மேடையில போலீஸ் கேசா பேசப் போறீரு?" ஆமாம், அதைத்தான் பேசப் போகிறேன். இலக்கியம் பேச இந்த மண்டபத்துக்கு ஆட்கள் வருவார்கள். வீட்டுக்குள் ஒளிந்திருக்கிற ஆளைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. என் தொழில் வக்கீல் தொழில். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிறவன். அதனால் எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன்.

போலீஸ் தேடும் ஆள் என்றதும் நம் மனதில் எழுவது சுவரொட்டி. கேரளத்தில் பிறந்தவர்களுக்குச் சுகுமாரக் குறுப்பின் முகம் தெரியும். 1984 ஜனவரியில் மாவேலிக்கரை அருகே ஒரு மனிதரைக் கொன்று காரோடு எரித்துவிட்டுக் காணாமல் போனவர், இன்றைக்கும் பிடிபடவில்லை. தமிழ்நாடு-கேரள எல்லைக்காரர்களான நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு நினைவு உண்டு. 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்களின் படம் இரண்டு மாநிலத்திலும் வெளியானது. இஞ்சிவிளையில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள்கூட பஸ்ஸில் வருகிற புதுமுகத்தை உற்றுப் பார்த்தார்கள். சில நாளில் கர்நாடகத்தின் உடுப்பியில் ஆட்கள் பிடிபட்டார்கள். அந்நிய முகத்தைக் காட்டிக் கொடுப்பதில் நமக்குத் தயக்கமே இல்லை.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஆளுக்குச் சுவரொட்டி கிடையாது. அவருக்கு உறவுமுறை உண்டு. மாமா, சித்தப்பா, அத்தானின் தம்பி, விதவையான மகளுக்குப் புதிதாக வந்த துணை. அவர் பேரில் எங்கோ ஒரு ஸ்டேஷனில் நெடுநாள் நிலுவையான எல்.பி. வாரண்ட் தூசி படிந்து கிடக்கும். அல்லது சமூக விரோதச் செயல்களைத் தடுக்கும் கேரளத்தின் காப்பா சட்டத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கும். அவர் என்ன செய்வார்? பொழியூரைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கொல்லங்கோட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவார். அங்கே ஒரு வழக்கு வந்தால் பூவார் வழியாக இங்கே திரும்பி வருவார். நமக்கு எல்லை என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடந்து போகிற ரோடு. அவருக்கும் அதே ரோடுதான். சோறு போடுகிற வீட்டில் பிள்ளைகள் இருக்கும். சோறு போடுகிற கைக்கு அவர் யாரென்று தெரியும்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளைப் பற்றித் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்வது ஒன்றுதான்: நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். உறவு, அயல்வீடு, நண்பர், இந்த மூன்றில் ஒன்று.

இதைச் சொன்னதும் மேடையில் எல்லோரும் ஒரே புத்திமதி சொல்வார்கள்: "பயப்படாமல் சொல்லுங்கள்." எனக்கு அந்தப் புத்திமதியில் பாதிதான் உடன்பாடு. சொல்லாமல் மறைத்த வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடந்த பத்து வருடத்தில் கேரளத்தை உலுக்கிய வழக்குகளை எடுத்து வைத்துப் பார்த்தால், பல இடங்களில் யாரோ ஒருவர் சொல்லித்தான் இருக்கிறார். சொன்னது போய் விழுந்த காதுதான் கேளாக் காதாக இருந்திருக்கிறது. இன்று என் பேச்சு முக்கியமாக அந்தக் காதுகளைப் பற்றியது.

பாலக்காடு மாவட்டம் நென்மாரா பக்கம் போத்துண்டியில் 2019 ஆகஸ்டில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர் அயல்வீட்டுக்காரரான செந்தாமரா. தன் மனைவி பிரிந்து போனதற்கு இந்தக் குடும்பம் வைத்த செய்வினைதான் காரணம் என்று நம்பியவர். ஜாமீனில் வந்தார். அந்தப் பகுதிக்குள் வரக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. ஆனால் வந்தார், தன் வீட்டில் தங்கவும் செய்தார். தாயைப் பறிகொடுத்த பெண் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பர் கடைசியில் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள்: இந்த ஆள் வந்திருக்கிறார், மிரட்டுகிறார், எங்களுக்குப் பயமாக இருக்கிறது. போலீஸ் அவரைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியது. 2025 ஜனவரி 27 காலையில் அந்தப் பிள்ளைகளின் அப்பாவும் அப்பாவின் தாயாரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். காட்டுக்குள் ஓடியவர் மறுநாள் இரவு பசி தாங்காமல் இறங்கி வந்தபோது பிடிபட்டார். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். 2019 கொலை வழக்கில் 2025 அக்டோபரில் இரட்டை ஆயுள் தண்டனை வந்தது.

அந்த எச்சரிக்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நிபந்தனையை மீறியவரின் ஜாமீனை ரத்து செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதற்குப் போலீஸ் ஓர் அறிக்கை எழுதி, அரசு வக்கீல் வழியாக மனுப் போட வேண்டும். ஒரு பக்க வேலை. அந்த ஒரு பக்கத்துக்குப் பதிலாக, இனிமேல் இப்படிச் செய்யாதே என்று சொல்லி அனுப்பினார்கள். கொலைக் குற்றவாளிக்குப் பள்ளிக்கூட வாத்தியார் புத்தி சொன்ன கதை அது. அந்தப் பிள்ளைகளிடம் போய் "பயப்படாமல் சொல்லுங்கள்" என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

வாளையாற்றில் நடந்தது இன்னும் கனமானது. நம்மைப் போலவே அதுவும் எல்லை ஊர். 2017 ஜனவரி 13-ஆம் தேதி பதின்மூன்று வயதுப் பெண் குழந்தை வீட்டில் பிணமாகக் கிடந்தாள். பிரேதப் பரிசோதனையில் பாலியல் வன்முறைக்கான தடயம் இருப்பதாக டாக்டர் எழுதினார். அன்று முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டு பேர் வீட்டிலிருந்து போனதைப் பார்த்ததாக ஒன்பது வயதுத் தங்கை சொன்னாள். சொன்னவர்கள் இரண்டு பேர்: ஒருவர் டாக்டர், மற்றது ஒரு குழந்தை. மார்ச் 4-ஆம் தேதி அந்தத் தங்கையும் அதே வீட்டில் பிணமாகக் கிடந்தாள். நடுவில் ஐம்பது நாள். அந்த ஐம்பது நாளும் அந்தக் குழந்தையை யாரும் அந்த வீட்டிலிருந்து பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகவில்லை.

2019-இல் பாலக்காடு போக்சோ கோர்ட் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு சி.பி.ஐ. வந்தது, 2025 ஜனவரியில் பெற்றோரையும் குற்றப் பத்திரிகையில் சேர்த்தது, அவர்கள் அதை மறுக்கிறார்கள். யார் குற்றவாளி என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நான் முந்திக்கொள்ள மாட்டேன். அந்த ஐம்பது நாளுக்கு மட்டும் கோர்ட் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். 2019 மார்ச்சில் தொடுபுழையில் ஏழு வயதுச் சிறுவனை நடுநிசி கழிந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள். டாக்டர்கள் நம்பவில்லை, போலீசுக்குச் சொன்னார்கள். பையனை அடித்தது தாயின் துணையாக வீட்டில் இருந்தவர். திருவனந்தபுரத்தில் முன்பே பல வழக்குகளில் பேர் அடிபட்டவர். காப்பாற்ற முடியவில்லை, ஏப்ரல் 6-ஆம் தேதி பையன் இறந்தான். குற்றத்தை மறைத்ததாகத் தாயும் கைதானார். டாக்டர்கள் சொன்னதால் வீட்டில் இருந்த இன்னொரு குழந்தை தப்பியது. அந்தக் குடும்பத்தில் யார் பேரையும் நான் சொல்லவில்லை. பிழைத்திருக்கும் பிள்ளை வளர்ந்து வருகிறது.

அந்தத் தாயைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசியது என்று உங்களுக்குத் தெரியும். கணவரை இழந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அடிக்கிற ஆளோடு இருக்கிற பெண்ணுக்கு, சொன்னால் என்ன ஆகும் என்பது ஒரு கணக்கு. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு கணக்கு. நாம் வெளியில் நின்று போடுகிற கணக்கு வேறு. இதில் சட்டமே இரண்டு மனதாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் 249-ஆம் பிரிவின்படி குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 212. பிடிக்க உத்தரவான ஆளையோ காவலில் இருந்து தப்பிய ஆளையோ ஒளித்து வைத்தால் 253. இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு: கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ அடைக்கலம் கொடுத்தால் குற்றமில்லை. தாய்க்கு இந்த விலக்கு இல்லை. அண்ணனுக்கும் மாமனுக்கும் இல்லை. "எம்மவன வீட்ட விட்டு எப்படிய்யா துரத்துவேன்" என்று அழுகிற அம்மைக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு மனைவிக்குக்கூட விலக்குக் கொடுக்கவில்லை. தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் பணிபுரிகிறவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். ஆக, பிடிவாரண்ட் உள்ள புருஷனைப் பரணில் ஒளித்து வைத்த மனைவியைச் சட்டம் மன்னிக்கும். அவர் பிள்ளையிடம் தவறாக நடக்கிறார் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மன்னிக்காது. என் கருத்தில் அது சரியான கோடு. குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்டனை கிடையாது. குழந்தை சொல்லாமல் இருந்தது குற்றமாகாது.

19-ஆம் பிரிவில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. குற்றம் நடந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலே சொல்ல வேண்டும். தடயத்தைத் தேடி வைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. பேத்தி அந்த ஆள் வந்தாலே கட்டிலுக்கு அடியில் போகிறாள் என்பது போதும். விசாரிப்பது போலீஸ் வேலை. பாட்டியின் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று 19-இன் ஏழாம் உட்பிரிவு சொல்கிறது. பகை தீர்க்கப் பொய்ப் புகார் கொடுப்பவருக்கு 22-ஆம் பிரிவு இருக்கிறது; சொத்துத் தகராறில் இந்தச் சட்டத்தை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம்.

எங்களைப் போன்ற வக்கீல்களிடம் வருகிறவர்கள் முதலில் சட்டம் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேட்பது ஒரே கேள்வி: "சாரே, எம்பேரு வெளிய வருமா?" அடுத்தது: "பொம்பளப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் நடக்கண்டாமா?" இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் நம் ஊர்களில் எத்தனையோ காரியத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்திருக்கிறார்கள். உறவுக்காரப் பெரியவர்கள் நாலு பேர் கூடி, அந்த ஆளைக் கொஞ்ச நாள் வளைகுடாவுக்கோ திருப்பூருக்கோ அனுப்பிவிடுவார்கள். அங்கே வேறு பிள்ளைகள் இல்லையா என்று அந்த நாலு பேரில் ஒருவரும் கேட்பதில்லை.

முதல் கேள்விக்கு என் பதில்: 1098-க்குக் கூப்பிடுகிறவர் பேர் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சைல்ட்லைன் எண் 2023-இல் அரசின் கைக்கு வந்தது, எண் மாறவில்லை. 2017-இல் கண்ணூர் மாவட்டம் கொட்டியூர் வழக்கு வெளியே வந்தது சைல்ட்லைனுக்குப் போன தகவலால்தான். பாதிரியார் ஒருவரைக் காப்பாற்றக் குழந்தையின் தந்தையே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட வழக்கு அது. வெளிநாடு போக விமான நிலையத்துக்குப் புறப்பட்ட பாதிரியாரை வழியில் பிடித்தார்கள்; 2019-இல் தலச்சேரி கோர்ட் இருபது வருடம் கொடுத்தது. தகவல் சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது கேள்விக்கு 23-ஆம் பிரிவு பதில் சொல்கிறது: குழந்தையை அடையாளம் காட்டும் பேர், முகவரி, படம், பள்ளி எதையும் பத்திரிகை வெளியிடக் கூடாது. பத்திரிகைகள் பெரும்பாலும் மதிக்கின்றன. நம் வாட்ஸ்அப் குழுக்கள்தான் மதிப்பதில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். வீட்டில் இருக்கும் ஆள் ஆபத்தானவர், ஆயுதம் வைத்திருக்கலாம் என்றால், 112. அவரிடம் நேரில் கேட்டு நியாயம் பேசப் போகாதீர்கள். போலீசிடம் சொல்லும்போது வீட்டில் எத்தனை குழந்தைகள், என்ன வயது, எந்த அறையில் படுக்கிறார்கள், பின்வாசல் எந்தப் பக்கம், பள்ளிக்கூட வண்டி எத்தனை மணிக்கு வரும், இவ்வளவும் சொல்லுங்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கதவைத் தட்டுவதும் அவர்கள் நடுவில் படுத்திருக்கும் விடியற்காலையில் கதவைத் தட்டுவதும் ஒன்றாகாது.

ஸ்டேஷனில் "இது எங்கள் எல்லை இல்லை, அந்தப் பக்கம் போ" என்பார்கள். பாறசாலை ஷாரோன் வழக்கு நினைவிருக்கிறதா? 2022 அக்டோபரில் ஷாரோனுக்கு விஷம் கொடுத்தது அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ராமவர்மன்சிறையில். அவர் இறந்தது இந்தப் பக்கம் மருத்துவக் கல்லூரியில். யார் விசாரிப்பது என்று ஒரு சர்ச்சையே நடந்தது. கடைசியில் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில்தான் 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. செத்த பிறகு எல்லை பேசலாம். உயிரோடிருக்கும் குழந்தைக்கு எல்லை பேச நேரமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. காஞ்சிரங்குளத்தில் சொன்னால் காஞ்சிரங்குளத்தில் எழுத வேண்டும். கொல்லங்கோட்டுக்கு அனுப்புவது அவர்கள் பாடு.

மொழி இன்னொரு வேலி. இங்கே 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் தமிழ்நாட்டுப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. அதோடு இங்கே நின்றுபோன தமிழ் வீடுகள் நாம். கடையில் மலையாளம் பேசிவிடுவோம். உடம்பில் எங்கே தொட்டார்கள் என்பதை ஒரு குழந்தை அம்மாவின் மொழியில்தான் சொல்லும். போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில், குழந்தைக்குப் புரியாத மொழியில் எழுதும்போது மொழிபெயர்ப்பாளர் கொடுத்தாக வேண்டும் என்கிறது. கேட்டு வாங்குங்கள். எழுதியதைத் தகவல் தந்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும், பதிவுக்கு ஓர் எண் போட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த எண்ணைக் கேளுங்கள். "நோக்கிக்கோளாம், பொய்க்கோ" (பார்த்துக்கொள்கிறோம், போங்கள்) என்று சொன்னால் நகராதீர்கள். எண் இல்லாத புகார் ரைட்டரின் மேசையில் டீ கிளாசுக்கு அடியில் போய்விடும். எண் விழுந்துவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு கோர்ட்டுக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அப்போது கேட்கிற காது ஒன்று மூன்றாகும்.

குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே எடுக்கலாம். முடிந்தவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல் வர வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. இதெல்லாம் சலுகை இல்லை, சட்டம்.

கேளாக் காது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பாட்டி முறையான பெண்ணும் அவளுடைய துணையும் செய்த சித்திரவதையில் இறந்தாள். ஆஸ்பத்திரி, போலீஸ், சமூக நலத்துறை எல்லோரும் அவளைப் பார்த்திருந்தார்கள். லார்ட் லேமிங் நடத்திய விசாரணை, காப்பாற்ற வாய்த்த சந்தர்ப்பங்கள் குறைந்தது பன்னிரண்டு என்று 2003-இல் கணக்குச் சொன்னது. அந்த நாடு அதன் பிறகு 2004-இல் குழந்தைகள் சட்டத்தைப் புதிதாகக் கொண்டுவந்தது. வாளையாற்றின் ஐம்பது நாளுக்கும் அப்படி வெளிப்படையாக ஒரு கணக்கை நாம் கேட்க வேண்டும்.

முடிக்கும் முன் அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த வருடம் இந்தச் சொற்பொழிவைப் புத்தகமாக அச்சிட வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒரு தாள் அச்சிடுங்கள். 1098, 112, குழந்தைகள் நலக் குழுவின் முகவரி, புகாரில் என்னென்ன எழுத வேண்டும், பதிவு எண் கேட்டு வாங்க வேண்டும் என்பது, இவ்வளவு போதும். காஞ்சிரங்குளம் முதல் பாறசாலை வரை ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும், ரேஷன் கடையிலும், கோயில், பள்ளிவாசல், சர்ச் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். பஞ்சாயத்து உறுப்பினர்களே, பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான உங்கள் ஜாக்ரதா சமிதி கடைசியாக எப்போது கூடியது என்று மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த கூட்டத்தின் தேதியை இன்றைக்கே, இந்த மண்டபத்திலேயே முடிவு செய்துவிட்டுக் கலைந்து போவோம்.